எம்சிபி அடிக்கடி விழுகிறதா? பெங்களூரு வீடுகளுக்கான கேள்வி–பதில்

பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்கள், அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பழைய பகுதிகளில் மாடிமேல் மாடி எழுப்பிய வீட்டில் இருப்பவர்கள், புது அபார்ட்மென்டில் இருப்பவர்கள் என எல்லோரிடமிருந்தும் வரும் கேள்விகள் இவை. எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்சு; அப்படி அணைவதைத்தான் ‘விழுவது’ என்கிறோம். எந்தப் பதிலைப் படிக்கும் முன்பும் ஒன்றை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: விழுவது எப்போது? போட்ட உடனேயா, அரை மணி கழித்தா, மழை பெய்தாலா, நடுராத்திரியிலா? பாதிப் பழுதை அந்த நேரமே சொல்லிவிடும்.

டி.பி. பெட்டியில் (வீட்டுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நிறைய சுவிட்சு இருக்கிறது. விழுந்தது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒல்லியாக, ஒரே அகலத்தில் வரிசையாக நிற்பவை எம்சிபி. ஒவ்வொன்றும் ஒரு வழிக்கு: ஹால் விளக்கு, சமையலறை பிளக், கீசர், ஏசி. அவற்றைவிட அகலமாக, ‘டி’ என்று எழுதிய சின்னப் பட்டனோடு இருப்பது ஆர்சிசிபி. பட்டன் இல்லாமல் அகலமாக இருந்தால் அது பெரும்பாலும் ஐசோலேட்டர்; கையால் அணைத்தால்தான் அணையும், தானாக விழாது. எம்சிபி போல இருந்து, பட்டனும் இருந்தால் ஆர்சிபிஓ. எம்சிபி, ஆர்சிசிபி இரண்டின் வேலையையும் அதுவே செய்யும்.

எம்சிபி விழுந்தால் அந்த வயரில் கரண்ட் அதிகமாக ஓடியது என்று பொருள்: ஓவர்லோடு அல்லது ஷார்ட். ஆர்சிசிபி விழுந்தால் கரண்ட் எங்கோ கசிந்தது என்று பொருள். பேஸில் (கரண்ட் வரும் வயர்) போன கரண்ட்டும் நியூட்ரலில் (திரும்பும் வயர்) திரும்பிய கரண்ட்டும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வருவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கசிவு 15-க்கும் 30-க்கும் இடையில் எந்த அளவிலும் அது விழலாம். இரண்டுக்கும் தேடும் முறை வேறு. அதனால் எது விழுந்தது என்று பார்க்காமல் ‘கரண்ட் போயிடுச்சு’ என்று மட்டும் எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் அவர் நேரமும் உங்கள் காசும் வீண்.

சில எம்சிபி விழும்போது முழுதாகக் கீழே வராமல் நடுவில் தொங்கும். அதை நேரே மேலே தள்ளினால் பிடிக்காது. முதலில் முழுதாகக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்ற வேண்டும்.

ஏற்றிய உடனே ‘டப்’பென்று விழுகிறது. என்ன செய்வது?

அது ஷார்ட். எம்சிபிக்குள் இருக்கும் காந்தச் சுருள் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வெட்டிவிடுகிறது. ஏற்றி ஏற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி பறந்து அதன் முனைகள் தேய்கின்றன.

அந்த வழியில் உள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே எடுக்க வேண்டும். விளக்கு, ஃபேன் சுவிட்சுகளையும் அணையுங்கள். பிறகு ஒரு முறை ஏற்றுங்கள். நின்றால் வயரில் குறை இல்லை, ஏதோ ஒரு சாமானில்தான். ஒவ்வொன்றாகச் சொருகிப் போட்டால் எதில் விழுகிறதோ அதுதான். மிக்சி வயர் கழுத்தில் நைந்திருக்கும், அயர்ன் பாக்ஸ் வயர் சூட்டில் உருகியிருக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் எறும்புக் கூடு இருக்கும்.

எல்லாம் எடுத்த பிறகும் விழுந்தால் குறை சுவருக்குள்ளோ சுவிட்சு போர்டிலோ இருக்கிறது. சமீபத்தில் யாராவது சுவரில் டிரில் போட்டார்களா என்று யோசியுங்கள். போர்டிலிருந்து நேர் மேலேயோ பக்கவாட்டிலோ அடித்த ஆணி பைப்பைத் துளைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் எலி கடித்திருக்கலாம். இதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை.

சமையலறையில் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு விழுகிறது. ஐந்து நிமிடம் விட்டு ஏற்றினால் நிற்கிறது. ஏன்?

ஓவர்லோடு. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1200: மொத்தம் 4700 வாட், அதாவது சுமார் 20.4 ஆம்பியர். உங்கள் எம்சிபி 16 ஆம்பியர். அப்படியானால் உடனே விழ வேண்டாமா என்றால், விழாது. உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடாகி வளைந்தால்தான் அது வெட்டும். தரநிலைப்படி 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 20.4 என்பது 1.28 மடங்கு, இரண்டுக்கும் நடுவே. ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் விழும். கூடவே 750 வாட் மிக்சியைப் போட்டால் 1.48 மடங்கு ஆகிவிடும், விழுவது உறுதி. பட்டை ஆற வேண்டும் என்பதால்தான் ஐந்து நிமிடம் விட்டால் ஏறுகிறது. மூடிய டி.பி. பெட்டிக்குள் வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே விழும்.

தீர்வு இரண்டுதான். இரண்டு பெரிய சாமானை ஒரே நேரத்தில் போடாதீர்கள், அல்லது இண்டக்‌ஷனுக்குத் தனி வழி இழுக்கச் சொல்லுங்கள்: 2.5 சதுர மி.மீ. வயர், தனியாக 16 ஆம்பியர் எம்சிபி. பழைய வீடுகளில் கீசரையும் சமையலறை பிளக்கையும் ஒரே எம்சிபியில் கோத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்கு, ஒருவர் குளிக்கப் போகும்போது இன்னொருவர் அடுப்பைப் பற்ற வைக்கும்போது, தினமும் விழுந்தால் காரணம் அதுதான்.

16-க்குப் பதிலாக 32 போட்டுவிட்டால் தொல்லை தீருமே?

விழுவது நிற்கும். ஆனால் எம்சிபி காப்பது உங்கள் மிக்சியை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. 32 ஆம்பியர் எம்சிபி 46 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் வரை ஓட விடலாம். 2.5 சதுர மி.மீ. வயரின் பிவிசி உறை சாதாரணமாக 70 டிகிரி வரைதான் தாங்கும். அந்தக் கரண்ட்டில் பைப்புக்குள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். வழக்கமான ஜோடிகள்: விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. வயரும் 6 அல்லது 10 ஆம்பியரும். பவர் பிளக், கீசருக்கு 2.5-உம் 16-உம், ஏசிக்கு 4-உம் 20-உம். எம்சிபியைப் பெரிதாக்க வேண்டுமானால் முதலில் வயரைப் பெரிதாக்குங்கள். ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்று சொல்லி எம்சிபியை மட்டும் மாற்றும் ஆளை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

லோடு அதிகம் இல்லை, கீசர் மட்டும்தான். ஆனாலும் விழுகிறது, எம்சிபியைத் தொட்டால் சுடுகிறது.

திருகு தளர்ந்திருக்கிறது. வயர் இறுக்கமாக இல்லாத இடத்தில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு செம்பு வழியாக எம்சிபிக்குள் போய்ப் பட்டையை வளைக்கிறது. கரண்ட் சரியாக இருந்தும் விழுவதற்குக் காரணம் இது. கீசர், ஏசி வழிகளில் வருடக்கணக்காகச் சூடாகியும் ஆறியும் திருகு தானே தளர்கிறது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ மீன் வாடை போல ஒரு நாற்றம் அடித்தாலோ அந்த எம்சிபியையே மாற்ற வேண்டும். கருகிய வயர் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்க வேண்டும். மறுமுனையில் கீசரின் 16 ஆம்பியர் சாக்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயும் ஒரு துளை கருகியிருக்கும்.

இதை நீங்களே இறுக்கலாம் என்று மூடியைக் கழற்றாதீர்கள். ஐசோலேட்டரை அணைத்தாலும் அதற்கு வயர் வந்து சேரும் பக்கத்தின் முனைகளில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

சம்ப் மோட்டார் போட்டால் மட்டும் விழுகிறது.

ஓடாமல் ‘உம்ம்’ என்று உறுமி விழுகிறதா, நன்றாகக் கிளம்பும் நொடியிலேயே விழுகிறதா?

உறுமினால் ஒன்று கப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது இம்பெல்லர் துருவில் இறுகியிருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து போட்டால் இப்படி ஆவது சகஜம். மோட்டாரின் எம்சிபியை இறக்கி, பிளக்கையும் எடுத்துவிட்டு, பின்பக்க விசிறி மூடியின் நடுவே தெரியும் தண்டை ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் கப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். புதியது வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டும் அப்படியே இருக்க வேண்டும். பழையதைத் தொடும் முன் அதில் தேங்கிய கரண்ட்டை எலக்ட்ரீஷியன் இறக்கட்டும். பிளக்கை எடுத்த பிறகும் அது அடிக்கும்.

நன்றாகக் கிளம்பும் மோட்டார் என்றால் எம்சிபியின் முகத்தைப் படியுங்கள். ‘பி10’ என்று இருக்கிறதா? பி என்பது வகை, 10 என்பது ஆம்பியர் அளவு. பி வகை, அந்த அளவைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே வெட்டும். சி வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்ட்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் என்றால் கிளம்பும்போது 40. பி10 அதைத் தாங்காமல் விழலாம், சி16 தாங்கும். வயர் 2.5 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வகையை மாற்றுங்கள். எம்சிபியை மாற்றுவது நியாயமாகும் அரிதான இடம் இது.

கரண்ட் போய் வந்ததும் ஏசி எம்சிபி விழுகிறது.

மூன்று நிமிடம் பொறுத்துப் போடுங்கள். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாகும் முன் கிளப்பினால் அது திணறி அதிகக் கரண்ட் இழுக்கும். பொறுத்துப் போட்டும் விழுந்தால் ஏசி மெக்கானிக்.

ஆர்சிசிபி விழுகிறது. எங்கே கசிகிறது என்று எப்படித் தேடுவது?

எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள். ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக, நடுவில் அரை நிமிடம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில் கசிவு. அதை மட்டும் கீழே வைத்துவிட்டு மற்ற வீட்டை ஓட்டலாம். இரவு முழுக்க இருட்டில் உட்கார வேண்டியதில்லை. பிறகு அந்த வழியின் பிளக்குகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். எம்சிபியைக் கீழே வைத்த பிறகும் ஆர்சிசிபி விழலாம். ஒற்றை முனை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் வெட்டப்படாமல் அப்படியே இருக்கிறது. அந்த நியூட்ரல் எங்கேயாவது எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால், வேறு வழியில் விளக்கு எரிந்தால்கூட அந்தக் கரண்ட்டில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பும், ஆர்சிசிபி விழும். பிளக்கைப் பிடுங்கச் சொல்வதும் இதனால்தான், சுவிட்சும் பேஸை மட்டுமே வெட்டுகிறது. பிளக் எல்லாம் எடுத்தும் இதே நிலை என்றால், எலக்ட்ரீஷியன் நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி 500 வோல்ட் மெக்கர் (வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து எர்த்துக்கு எதிராகச் சோதிக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் வயர்தான் குற்றவாளி. சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது; அதன் சின்ன பேட்டரி அழுத்தத்தில் ஈரக் கசிவு தெரியாமல் போகும்.

வெளியே போகும் வயர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் அதுவே பழுது.

கீசர் போட்டு இரண்டு நிமிடத்தில் ஆர்சிசிபி விழுகிறது.

பெங்களூரில் அடிக்கடி வரும் புகார் இது. போர்வெல் தண்ணீரின் உப்பு ஹீட்டர் காயில் மேல் கல்லாகப் படிகிறது. காயில் சூட்டை வெளியே விட முடியாமல் கொதித்து, உறையில் மயிரிழை விரிசல் விடுகிறது. உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் தண்ணீரை உறிஞ்சியதும் கரண்ட் தண்ணீருக்குள் கசிகிறது. கீசரின் எர்த் சரியாக இருந்து, ஆர்சிசிபியும் இருந்தால் விழும். இரண்டும் இல்லாவிட்டால் குழாயைத் தொடுபவருக்கு அடிக்கும். குழாயில் ‘ஜிவ்’ என்று உணர்ந்தால் ஈரக் கையோடு கீசர் சுவிட்சைத் தேடாமல் வெளியே வந்து மெயினை அணையுங்கள்.

எலக்ட்ரீஷியன் கீசரின் எம்சிபியை இறக்கி, காயில் வயர்களைக் கழற்றி அளக்க வேண்டும். 2000 வாட் காயிலின் இரு முனைகளுக்கிடையே சுமார் 26 ஓம் வரும். முனைக்கும் காயிலின் உலோக உறைக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் காயில் மாற்ற வேண்டும். கூடவே தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு கம்பியையும் தொட்டிக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய வளையத்தையே போட்டு மூடினால் அங்கிருந்து சொட்டி, தெர்மோஸ்டாட் நனைந்து, மறுபடி விழும்.

மாடியில் சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு வடிவம் உண்டு. வெயில் இருந்த எட்டு மாதம் தொடாத பேக்கப் காயிலை ஜூலை மூட்டத்தில் முதல் தடவை போட்டவுடன் விழும். சில சமயம் காயில் கெடாமல் தூள் மட்டும் ஈரம் வாங்கியிருக்கும். கழற்றி உலர்த்திச் சோதித்துப் பார்க்கலாம். மாடி வரை போகும் வயர் வெயிலில் வெடித்திருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள்.

மழை பெய்தால் விழுகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது.

கேட் விளக்கு, மாடிப்படி விளக்கு, காலிங் பெல், பால்கனி வாஷிங் மெஷின் பிளக், சம்ப் மோட்டார் போர்டு: வீட்டுக்கு வெளியே இருப்பவை எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். கேட் விளக்கில் தண்ணீர் மேலிருந்து வருவது குறைவு. வயர் நுழையும் பின்பக்க ஓட்டை வழியாகத்தான் வரும். வயரை நேரே உள்ளே விடாமல் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டேப் சுற்றிய இணைப்புகளைப் பிரித்து, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். இடி மின்னலோடு ஒரு தடவை மட்டும் விழுந்தால் பழுதென்று எண்ண வேண்டாம், ஏற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து ஆர்சிசிபி நிற்கவில்லை.

இன்வெர்ட்டர் கெடவில்லை, இணைத்த விதம் தவறு. வந்தவர் இன்வெர்ட்டருக்குப் பேஸை ஆர்சிசிபிக்கு முன்னால், மீட்டர் பக்கத்திலிருந்து எடுத்திருப்பார். ஆனால் இன்வெர்ட்டரில் ஓடும் விளக்குகளின் நியூட்ரல் பழையபடி ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள பட்டையில்தான் இருக்கிறது. போகாத கரண்ட் திரும்பி வருகிறது. ஆர்சிசிபி அதைக் கசிவு என்று எண்ணுகிறது. எவ்வளவு கரண்ட் போதும் தெரியுமா? ஒரு 9 வாட் எல்இடி பல்பு சுமார் 40 மில்லி ஆம்பியர். ஒரே பல்பு போதும்.

பேஸும் நியூட்ரலும் இரண்டும் ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்தே இன்வெர்ட்டருக்குப் போக வேண்டும்; அல்லது இன்வெர்ட்டர் வழிகளின் நியூட்ரலை முழுதாகப் பிரித்துத் தனிப் பட்டையில் கட்டி, அதற்கெனத் தனி ஆர்சிசிபி வைக்க வேண்டும். மூன்று பேஸ் உள்ள வீட்டில் பேஸுக்கு ஒரு ஆர்சிசிபி இருந்தால், ஒரு பேஸின் விளக்குக்கு இன்னொரு பேஸின் நியூட்ரலைக் கொடுத்தாலும் இதே கதைதான். ஒரு ஆர்சிசிபி விழுந்தால் மற்றதும் கூடவே விழுவது இதன் அடையாளம்.

நடுராத்திரி, எல்லோரும் தூங்கும்போது விழுகிறது.

ஃபிரிட்ஜைப் பிடுங்கிப் பாருங்கள். பனி கட்டாத வகை ஃபிரிட்ஜில் பனியை உருக்க ஒரு சின்ன ஹீட்டர் சில மணி நேரத்துக்கு ஒரு முறை தானே ஓடும். அது கசிந்தால் பகலில் நீங்கள் ஐந்து நிமிடம் சோதிக்கும்போது ஒன்றும் தெரியாது. தானியங்கி நீர்மட்டக் கருவி இருந்தால் அடுத்த சந்தேகம் மோட்டார் மேல்.

ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியரை எம்சிபி கவனிக்கவே கவனிக்காது. ஒரு ஆளைக் கொல்ல அதைவிடக் கொஞ்சம் அதிகம் போதும். மாதம் ஒரு முறை ‘டி’ பட்டனை அழுத்துங்கள். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான், மாற்றுங்கள். பட்டன் வேலை செய்கிறது என்பதால் வீட்டில் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. அதைத் தனியாக அளக்க வேண்டும்.

அபார்ட்மென்டில் ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் வீடு அணைகிறது.

அது எம்சிபி அல்ல. வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று ஜெனரேட்டருக்கு ஒரு வரம்பு வைத்த கருவி இருக்கும். மீறினால் வெட்டிவிட்டு, சில வினாடி கழித்துத் தானே மறுபடி கொடுக்கும். கீசர், இண்டக்‌ஷன், அயர்னை அணைத்தால் நிற்கும்.

மின் விநியோக நிறுவனமான பெஸ்காமைக் கூப்பிட வேண்டுமா, வீட்டு ஓனரையா?

மீட்டருக்குப் பிறகு உள்ளவை வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளவையும் பெஸ்காம். புகார் எண் 1912. மீட்டர் சீலை யாரும் தொடக் கூடாது. மீட்டர் பக்கத்தில் உள்ள பெரிய எம்சிபி விழுகிறது என்றால் பில்லில் அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர்தான். ஒரு 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் மட்டுமே அதை நிரப்பிவிடும். லோடைக் கூட்ட விண்ணப்பிக்க வேண்டியவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர், அதாவது பெரும்பாலும் ஓனர்.

எம்சிபி விழாமலேயே விளக்குகள் திடீரெனப் பளீரென்று எரிந்தால் அல்லது ஃபேன் வெறி பிடித்தாற்போலச் சுற்றினால் தெரு நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300-க்கு மேல்கூட வரலாம், எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. அந்த நொடியே மெயினை அணைத்துவிட்டு 1912-க்கு அழையுங்கள்.

வருபவர் கன்னடக்காரர், எனக்குக் கன்னடம் அரைகுறை. என்ன சொல்வது?

எது, எப்போது என்ற இரண்டைச் சொன்னால் போதும். ‘கீசர் ஹாக்கிதரே ஆர்சிசிபி ட்ரிப் ஆகுத்தே’ (கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது), ‘மளே பந்தரே ட்ரிப் ஆகுத்தே’ (மழை வந்தால் விழுகிறது). சந்தேகம் நியூட்ரலில் என்றால் ‘நியூட்ரல் பேரே பேரே மாடி’ (நியூட்ரலைத் தனித்தனியாகப் பிரியுங்கள்). வருவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: மெக்கர் இருக்கிறதா, கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்ட்டை அளக்கும் கருவி) இருக்கிறதா? டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு வருபவரால் கசிவைத் தேட முடியாது; அவர் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே வழி எம்சிபியை மாற்றுவதுதான்.